மஞ்சள் வண்டி மெதுவாகும் வளைவு

ரஃபிலா புச்சேர்சான் கதை சொல்லத் தொடங்கியது பிள்ளைகளைத் திருத்துவதற்காக என்று பள்ளத்தாக்கில் பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவர்கள் வாந்தி எடுக்காமல் இருப்பதற்காகத்தான்.

மலையின் மேலே மூன்று சிற்றூர்கள். கீழே ஆற்றங்கரையில் பள்ளிக்கூடம், அதை ஒட்டி மழலையர் வகுப்பு. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர், இருபத்தேழு வளைவு. காலையில் பத்தொன்பது பிள்ளைகளை மஞ்சள் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவருவதும் மதியம் மேலே கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. முதல் வாரம் முழுக்க வண்டியைக் கழுவியே கை வெளுத்துப்போனது. பிறகு ஒன்றைக் கவனித்தாள். பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் குமட்டுகிறது. நேரே சாலையைப் பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. பத்தொன்பது பேரும் நேரே பார்க்க வேண்டுமென்றால் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும். முன்னால் இருந்தது அவளுடைய பிடரி மட்டும்தான். ஆகவே பேசத் தொடங்கினாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயது. இருபத்திரண்டில் ஊரை விட்டுக் கிளம்பி, இத்தாலியில் பிறர் வீட்டு முதியவர்களைக் குளிப்பாட்டியும் ஊட்டியும் காலம் போனது. கணவன் நெலு ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய், அங்கே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அதைப் பற்றி அவள் யாரிடமும் அழுததில்லை. திரும்பி வந்த வருடம் ஊராட்சிக்கு ஒரு வண்டியோட்டி தேவைப்பட்டது. சம்பளம் சிறியது என்று ஆண்கள் யாரும் முன்வரவில்லை. முதல் நாள் காலை அப்பாக்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஓடையை ஒட்டிய கொண்டை வளைவில் இந்தப் பெண் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று நின்றார்கள். எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி வந்தது. ரஃபிலா வளைவு முழுவதையும் பின்னோக்கி ஏறி லாரிக்கு வழிவிட்டாள். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

கதைகள் எல்லாம் அவள் வாயில் அந்தந்த வளைவில் பிறந்தவை. ஓக் கொட்டையை ஒளித்துவைத்து, எங்கே வைத்தோம் என்பதை மறந்து, காட்டையே வளர்த்துவிட்ட பறவை. ஒரே ஒரு ஆப்பிளை முதுகில் சுமந்துகொண்டு நான்கு வீட்டுக்கு விருந்து போன முள்ளெலி. தண்ணீர் தரமாட்டேன் என்று மரத்தோடு சண்டை போட்டு, கரையில்லாமல் சிதறிப்போன ஓடை. எப்படித் தொடங்கினாலும் கடைசி வளைவுக்குள் யாராவது யாருக்காவது பாதியைக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கிண்ணம் சோளக்களி என்று வளர்ந்தவளுக்கு வேறு முடிவு தோன்றியதில்லை.

வனக்காவலன் சிமியோன் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒருநாள் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவன் இரண்டு கதைகளைக் கேட்டான். இறங்கும்போது, “ஏன் ரஃபிலா, உன் காட்டுல ஓநாய்க்குப் பல்லே கிடையாதா?” என்றான்.

“இருக்கு. விளக்கிட்டுத்தான் வெளிய வரும்” என்றாள் அவள்.

அப்படியே நாலு வருடம் ஓடியது. போன அக்டோபரில் ஒருநாள் காலை, மேலிருந்து நாலாவது வளைவில், ஒரு லாரி தாய்க்கரடி ஒன்றை அடித்துப்போட்டது. பாரந்தூக்கி வந்து அதை அள்ளும் வரை பள்ளி வண்டி இருபது நிமிடம் அங்கேயே நின்றது. எல்லோரையும் முன்னால் பார்க்கச் சொல்லி அவள்தானே பழக்கியிருந்தாள். பத்தொன்பது பேரும் நேரே பார்த்தார்கள். குட்டி ஒன்றின் தடம் மேலே சரிவில் ஏறிப்போகிறது என்று சிமியோன் யாரிடமோ சொன்னது திறந்த ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. முன் இருக்கையில் அனுட்சா இருந்தாள். மேல் ஊர் ஆட்டிடையன் விகென்ட்டேயின் மகள், அப்போது ஐந்து வயது.

“அத்தை, குட்டிக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?”

வண்டி நகர்ந்தது. ரஃபிலாவால் அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு இருபத்து மூன்று வளைவு ஓட்ட முடியாது. குட்டி ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்த் தட்டியது என்று ஆரம்பித்தாள். அணில் கொட்டை கொடுத்தது. தேனீ ஒரு துளி கொடுத்தது. சுண்டெலிகூடத் தன் பங்கில் பாதியைக் கொடுத்துவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொன்னது. பனிக்காலம் முழுக்க அந்தக் கதை நீண்டது. தினமும் ஒரு கதவு.

வசந்தத்தில் நிஜக் குட்டி எதிர்ச்சரிவில் தென்பட்டது. கழுத்தில் வெள்ளைப் பட்டை. பிள்ளைகள் அதற்குக் குலெராஷ் என்று பேர் வைத்தார்கள், குட்டிக் காலர் என்று அர்த்தம். அது பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் அணிலும் சுண்டெலியும்தான் என்பதில் வண்டிக்குள் யாருக்கும் சந்தேகமில்லை.

பெந்தெகொஸ்துத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை இறந்தவர்களுக்கானது. மாதா கோவில் வாசலில் பெண்கள் புதுக் கோப்பைகளில் பாலோ தேனோ ஊற்றி, மேலே பின்னல் ரொட்டியும் செர்ரிப் பழமும் மெழுகுவர்த்தியும் வைத்து, செத்துப்போனவர் பேரைச் சொல்லி அக்கம்பக்கத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் “கடவுள் அவங்கள மன்னிக்கட்டும்” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது போய்ச் சேரும்.

திருநாள் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தது. காலையில் நாலாவது வளைவில் ரஃபிலா பிரேக்கை மிதித்தாள். சாலையோரத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் ஒன்பது கோப்பைகள் வரிசையாக இருந்தன. கைப்பிடியில் பூ கட்டியவை. எரிந்து தீர்ந்த மெழுகு. எல்லாம் நக்கித் துடைத்தாற்போலக் காலி. செர்ரிக் கொட்டைகள்கூட இல்லை.

யார் வேலை இது என்று கேட்டாள். வண்டிக்குள் பெருமை பொங்கி வழிந்தது. மேல் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர், கோவிலில் தங்களுக்குக் கிடைத்ததை ஒரு வாய்கூடத் தொடாமல் இங்கே கொண்டுவந்திருந்தார்கள்.

“எல்லார் வீட்டுல செத்தவங்களுக்கும் குடுத்தாங்க” என்றாள் அனுட்சா. “குலெராஷோட அம்மாவுக்கு மட்டும் யாருமே குடுக்கல.”

“வாங்கினவங்க பதில் சொல்லணுமே. குலெராஷ் சொல்லுச்சா?” என்று ரஃபிலா விளையாட்டாகக் கேட்டாள்.

“மூக்க நக்குச்சு. அதுக்கு அப்படித்தான் சொல்ல வரும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாறைக்குப் பின்னாடி இருந்து.”

ஒரு கரடிக்கும் ஆறு வயதுப் பெண்ணுக்கும் நடுவே ஒரு பாறை. ரஃபிலாவுக்கு முதுகு சில்லிட்டிருக்க வேண்டும். சில்லிடவில்லை. தான் சொன்ன கதை ஒன்பது பிள்ளைகளின் கையில் கோப்பையாக மாறியிருக்கிறது என்பதை மறைத்துவைக்க முடியாத சந்தோஷத்தோடு நினைத்துக்கொண்டாள். இனிமேல் பெரியவங்க இல்லாம இங்க வரக் கூடாது என்று மட்டும் சொன்னாள். கோப்பைகளைக் கழுவி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் மதியம் அந்த வளைவில் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. அவள் செய்த தப்பு அதுதான்.

வியாழக்கிழமை குட்டி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆட்டுமந்தையைக் காக்கிற பெரிய நாய் அளவு இருக்கும். பள்ளியில் தினமும் பாலோடு அரசாங்கம் கொடுக்கிற பன் பின் ஜன்னல்களிலிருந்து பறந்தது. கண்ணாடியில் பார்த்தவள் “போதும், போதும்” என்றாள், எந்தப் பிள்ளையும் தடை என்று எடுத்துக்கொள்ளாத குரலில். மறுவாரம் அது சாலை நடுவிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை, மின்கம்பம் பழுதுபார்க்க வந்தவர்களின் வேன் அந்த வளைவில் நின்றிருந்தபோது, குட்டி நேராகப் போய் அதன் கதவைப் பிறாண்டியது. அந்த வேனும் மஞ்சள். உள்ளே இருந்தவன் பயத்தில் ஒன்றரை மணி நேரம் இறங்கவில்லை. பள்ளத்தாக்கில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின: கரடி நடமாட்டம், வெளியே வராதீர்கள்.

மறுநாள் ரஃபிலா குழாயடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிமியோன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் அப்படிச் செய்வது வழக்கமில்லை. அனுமதிக் கடிதம் வந்துவிட்டது என்றான். இன்னொரு முறை சாலையில் ஆட்களை நெருங்கினால் சுட வேண்டும்.

வேறு காட்டில் கொண்டுபோய் விட முடியாதா என்று கேட்டாள்.

“போன வருஷம் ஒண்ண எழுபது கிலோமீட்டர் தள்ளி விட்டோம். ஒன்பதே நாள்ல திரும்பி வந்துச்சு. வர்ற வழியில ரெண்டு ஊர் குப்பைத் தொட்டியத் திறக்கவும் கத்துக்கிட்டு வந்துச்சு.”

“அப்ப வழியே இல்லையா?”

“ஒண்ணு இருக்கு. அது நம்மள வெறுக்கணும். மஞ்சள் வண்டியக் கண்டா ஓடணும். ஒரு துண்டு ரொட்டி கிடைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் மூட பத்து நாள் இருக்கு, அதுக்குள்ள. அதுவரைக்கும் மேலதிகாரிங்ககிட்ட நான் வாய்தா கேக்குறேன்.” தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டான். “கதை சொன்னது நீ. சுடப்போறது நான். நல்லாத்தான் பங்கு போட்டுக்கிட்டோம்.”

அந்த ஞாயிறு முழுக்க அவள் தன் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் கதைகளில் எல்லோருக்கும் வாசல் இருந்தது. தட்டினால் திறந்தது. எல்லாம் பேசின, எல்லாம் நன்றி சொல்லின, எல்லாம் மனிதர்களைப் போலவே நடந்துகொண்டன. காட்டில் கதவு கிடையாது என்பதை நாலு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பகிர்வதைக் கற்றுக்கொடுத்தாள். எட்டி நிற்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவளுக்கே தெரியாதோ என்றுகூடத் தோன்றியது. தெரிந்திருந்தால் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்திருப்பாளா?

திங்களன்று, கதையால் கெட்டதைக் கதையாலேயே சரிசெய்யலாம் என்று ஒன்றைக் கட்டினாள். எல்லோரும் ஊட்டி ஊட்டிக் கொழுத்த கரடி ஒன்று, மண்ணைத் தோண்டக்கூட மறந்துபோய், பனிக்காலத்தில் திணறியது. எனவே அதற்கு யாரும் எதுவும் கொடுக்காமலிருப்பதே அன்பு.

“அத்தை” என்றாள் அனுட்சா, “இந்தக் கத உங்களுக்கே பிடிக்கல.”

பள்ளி வாசலில் பைகளைச் சோதித்தாள். பன் எதுவும் இல்லை. மதியம் நாலாவது வளைவில் காலுறைகளுக்குள்ளிருந்தும் தொப்பிகளுக்குள்ளிருந்தும் பன்கள் பறந்தன. நல்லவேளையாக அன்று சாலையில் வேறு யாரும் இல்லை.

செவ்வாய் மதியம் வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் கீழேயே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். பின்னாலேயே சிமியோனின் ஜீப் வந்து நின்றது. அவள் எழுந்து பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள். பிடரியையே பார்த்துக் கதை கேட்டவர்களுக்கு முகத்தைப் பார்ப்பது என்னவோபோல் இருந்தது.

“நான் ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்” என்றாள். “அணில் கதவத் திறக்கல. சுண்டெலி எதுவும் குடுக்கல. காட்டுல யாரும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. குலெராஷ் தானாத்தான் தேடித் தின்னுச்சு. தன்னந்தனியா, பனியில, வேரைத் தோண்டி.”

யாரோ ஒரு சின்னப் பையன் அழத் தொடங்கினான்.

“அத கெடுத்தது நான். இன்னொரு தடவ அது ரோட்டுக்கு வந்து நின்னா, சிமியோன் மாமா சுடணும். அவருக்கு இஷ்டமில்ல. ஆனா சுடுவாரு. அது சாகாம இருக்கணும்னா, நம்மளக் கண்டா அதுக்குப் பயம் வரணும். அத நம்மதான் செய்யணும்.”

“எப்படி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கத்தணும். தட்டணும். அசிங்கமா நடந்துக்கணும்.”

அனுட்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது நம்மள நம்பி வருது” என்றாள்.

“ஆமா” என்றாள் ரஃபிலா. திரும்பி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

வண்டி ஏறியது. குட்டி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. ரஃபிலா ஒலிப்பானை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை. குட்டி தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு எழுந்து இரண்டடி முன்னால் வந்தது. அது ஒலிப்பானையும் அழைப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கண்ணாடியில் சிமியோன் ஜீப்பிலிருந்து இறங்குவது தெரிந்தது. ஒரு கையில் வெற்றுவெடித் துப்பாக்கி, தோளில் நிஜத் துப்பாக்கி. குட்டி இன்னொரு அடி வைத்தது. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை.

“போ!”

அனுட்சாதான். ஜன்னலில் முகத்தை வைத்து, கழுத்து நரம்பு புடைக்க. “போ! உனக்கு ஒண்ணும் கிடையாது! போ, நாயே!”

அதன்பிறகு எல்லோரும். தண்ணீர்ப் புட்டியால் தகரத்தைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள், தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கொட்டினார்கள். சில வார்த்தைகளை ரஃபிலா இத்தாலியில்தான் கேட்டிருந்தாள். அவை இந்த வண்டிக்குள் எப்படி வந்தன என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். குட்டி பின்வாங்கி, திரும்பி, சரிவில் தாவியது. விளிம்பில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. சிமியோன் வானத்தைப் பார்த்துச் சுட்டான். புதர் மூடிக்கொண்டது.

வீடு வரை அழுகைதான். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அவள் கதை எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை அது மறுபடி வந்தது, முதல் கூச்சலிலேயே ஓடியது. வியாழன் புதருக்குள்ளிருந்தே பார்த்தது. வெள்ளி, எஞ்சின் சத்தம் கேட்டதுமே மேலே கிளைகள் முறியும் ஓசை வந்தது. திங்களன்று ஒன்றுமில்லை, செவ்வாயும் இல்லை. பள்ளி மூடுகிற நாள், சிமியோன் கடிதத்தை நாலாக மடித்து அவளிடம் காட்டினான். காலாவதி.

அன்று கடைசியாக இறங்கியவள் அனுட்சா. படியில் நின்றபடி கேட்டாள்: “அப்ப அதுக்கு எதுவுமே குடுக்கக் கூடாதா? எப்பவுமே?”

ரஃபிலா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். நாலாவது வளைவுக்கு மேலே ஒரு சரிவு உண்டு. ஜூலையில் அது முழுக்கக் காட்டு நீலப்பழம். மூன்று ஊரும் சீப்புபோலப் பல் வைத்த தகர அகப்பையை எடுத்துக்கொண்டு ஏறி, இலையோடு சேர்த்து வழித்துவிடுவார்கள். அவளும்தான்.

“குடுக்கக் கூடாது” என்றாள். “எடுக்காம விடலாம்.”

சொன்ன சூட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாளே விகென்ட்டே அவள் வாசலில் வந்து நின்றான்.

“எம் பொண்ணு இந்த வருஷம் பழம் பறிக்க வரமாட்டாளாம். நானும் பறிக்கக் கூடாதாம். கரடிக்குப் பங்கு பிரிச்சுக் குடுக்க நீ யாரு? சரிவு உன் பேர்ல எழுதியா இருக்கு?”

“முழுக்க வேணாம் விகென்ட்டே. நடுவுல கிடக்குற பெரிய கல்லுக்கு மேல இருக்கிற பாதி.”

“கீழப் பாதியில பழம் சின்னது.”

“தெரியும். நானும் அங்கதான் பறிக்கப்போறேன்.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அந்தக் கரடி எத்தனை ஆட்டை எடுத்திருக்கிறது தெரியுமா என்று கேட்டான். இந்தக் கரடியா என்று கேட்டாள். இல்லை, ஆனால் எல்லாம் ஒரே ஜாதிதானே என்றான். பழம் இருந்தா ஆட்டுக்கு வராது என்று அவள் சொன்னதற்கு, உன் கதையெல்லாம் வண்டியோட நிறுத்திக்கோ என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலையில் ரஃபிலா வாளியோடு ஏறியபோது, சரிவின் குறுக்கே கிடக்கும் பெரிய கல்லின் மேல் அனுட்சா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே குனிந்து பறித்துக்கொண்டிருந்தான் விகென்ட்டே. வாளி பாதிகூட நிறையவில்லை. அவ்வப்போது நிமிர்ந்து மேல் பாதியைப் பார்ப்பான், பிறகு மகளைப் பார்ப்பான், பிறகு மறுபடி குனிவான். எல்லோரும் அப்படியில்லை. அடுத்த ஊரிலிருந்து நாலைந்து பேர் கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வழித்தார்கள். அனுட்சா எழுந்து நின்று அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் மேலே நிறையப் பழம் மிஞ்சியது.

ஆகஸ்ட் கடைசியில் சிமியோன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மேல் மேட்டில் எடுத்தது. கருநீலமாக, விதை விதையாக, ஒரு குவியல் கரடிச் சாணம். அருகில் சின்னத் தடம்.

“உன் ஆளாத்தான் இருக்கணும்” என்றான். “நேர்ல பாக்கல. சத்தம் கேட்டதும் ஓடிருச்சு.”

அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று, மேல் ஊர் நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியதும், கிளம்புவதற்கு முன்னால் கைபேசியை அனுட்சாவிடம் நீட்டினாள். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விதைகளை விரலால் தொட்டு எண்ணப் பார்த்தாள்.

“நம்மள மறந்திருக்குமா அத்தை?”

“மறந்திருக்காது. பயந்து போயிருக்கு.”

அனுட்சா இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். பிறகு “நல்லா சாப்பிட்டிருக்கு” என்றாள், கைபேசியை அடுத்த இருக்கைக்கு நீட்டியபடி.